கடத்தல் கதையில் படபடப்பை ஏற்றுவது எப்படி?

கதை சொல்லும் குரலில் இருப்பது தொனி. படிப்பவருக்குள் எழுவது மனநிலை. கடத்தல் நாவலில் குரல் நிதானமாக இருக்க இருக்கத்தான் வாசகருக்குப் படபடப்பு ஏறும். காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் ஒரு நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வீட்டில் சிறுவனை அடைத்து வைத்திருக்கிறார்கள். அதை வைத்து ஓர் அத்தியாயம் எழுதிப் பார்ப்போம்.

படி 1: ஓர் அத்தியாயத்தை ஒருவர் வழியாக மட்டும் சொல்லுங்கள். சிறுவனுக்குத் தெரியாத திட்டம் வாசகருக்கும் தெரியக் கூடாது. நடுவில் கடத்தியவன் மனசுக்குள் தாவினால் இறுக்கம் அங்கேயே அறுந்துவிடும்.

படி 2: இடத்தைப் புலன்களால் கொடுங்கள். அதிக உழைப்பு இதற்குத்தான் வேண்டும். சிறுவனின் கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். காலடியில் ஆத்தங்குடிக் கல் வழவழவென்று குளிர்கிறது. உச்சந்தலையில் வெயில் சுட்டால் வளவு என்னும் நடுக்கட்டின் திறந்த முற்றத்துக்கு வந்துவிட்டான். இந்த வீடுகள் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று பின் தெரு வரைக்கும் நீளும். அதனால் உள்ளே போகப் போகத் தெருச் சத்தம் தேய வேண்டும்: முகப்பில் பஸ் ஹாரன், வளவில் புறாக்கள், இரண்டாம் கட்டில் அவன் மூச்சு மட்டும். "பயங்கர இருட்டு" என்று எழுதும் தேவையே வராது. இடி, மின்னலும் வேண்டாம். பட்டப்பகலில் பூட்டிய வீடு போதும்.

படி 3: மிரட்டுகிறவனை மரியாதையாகப் பேச வையுங்கள். "கொன்னுடுவேன்" என்று கத்துவது யாருக்கும் வரும். "ஆச்சி, பேரன் சாப்பிட்டுட்டான். நீங்க மாத்திரை போட்டுக்கிட்டீங்களா?" என்று போனில் கேட்கட்டும். மாத்திரை விஷயம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று வாசகர் தானாகவே கலங்குவார்.

படி 4: காத்திருக்கும் இடத்தில் 12 முதல் 15 சொல் உள்ள வாக்கியங்கள், தாழ்ப்பாள் அசைந்ததும் 3, 4 சொல். பக்கம் முழுக்கக் குட்டி வாக்கியம் என்றால் காதுக்குப் பழகி, வேகம் செத்துப்போகும்.

படி 5: இரண்டு இறுக்கமான காட்சிகளுக்குப் பிறகு ஒரு சாதாரணக் காட்சி வையுங்கள். ஆச்சி வழியாகச் சொல்லும் அடுத்த அத்தியாயத்தில் அவர் பணியாரத்துக்கு மாவு கரைக்கிறார். பழக்கத்தில் பேரனுக்கும் சேர்த்துக் கரைத்துவிடுகிறார். அழ வைக்காதீர்கள், அடுத்த வேலைக்குப் போகட்டும்.

எழுதி முடித்ததும் பயம், திகில், நடுக்கம் போன்ற சொற்களையும் ஆச்சரியக்குறிகளையும் அடித்துவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். தொய்கிற இடத்தில் ஒரு சத்தத்தையோ பொருளையோ சேர்த்தால் போதும். அடித்த சொல்லைத் திரும்பப் போடாதீர்கள்.