டிக்கெட்டிலிருந்து பாடம் எடுப்பது எப்படி

கிளைகளின் பில் வேலையை ஒரே இடத்தில் செய்யும் எங்கள் பகிர்வு சேவை மையத்துக்கு எல்லாக் கிளைகளின் பில்களும் வருகின்றன. அதனால் எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்பது டிக்கெட் பட்டியலை, அதாவது உதவி கேட்டு வந்து பதிவான கேள்விகளின் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மின்வழிப் பாடம் தயாரிக்க நான் முதலில் திறப்பது அதைத்தான்.

அடிக்கடி வரும் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, கொள்முதல் ஆணையில் 100 பெட்டி, சரக்கு வந்த பதிவில் 96, பில்லில் மறுபடி 100. இதைத் தினமும் தீர்க்கிற அனுபவசாலியின் பக்கத்தில் உட்காருங்கள். "எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டால் விதிமுறைதான் பதிலாக வரும். அவர் வேலை செய்யும்போது திரையைப் பதிவு செய்துகொண்டே, "இப்போது ஏன் அந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள்?" என்று கேளுங்கள். மீதிச் சரக்குக்குக் காத்திருப்பதா, கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்து விற்பவர் தரும் சீட்டு) கேட்பதா என்று எதை வைத்து முடிவெடுக்கிறார் என்பது அப்போதுதான் வெளியே வரும். எந்தக் கையேட்டிலும் இல்லாத அறிவு அது.

அப்புறம், பதிவை ஐந்து நிமிடத்துக்குள் வெட்டி மூடில் (Moodle) போன்ற இணையவழிக் கற்றல் தளத்தில் ஏற்றுங்கள். தேர்வில் வரையறை கேட்க வேண்டாம். பெயர் மறைத்த நிஜ பில்லைக் கொடுத்து, என்ன செய்வார்கள் என்று கேளுங்கள்.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பொறுப்பாளரும் மறுபார்வைத் தேதியும் கட்டாயம் வேண்டும். டிக்கெட்டை மூடும் பதிலிலேயே பாடத்தின் இணைப்பையும் சேர்த்துவிடுங்கள்.