பச்சைக் கம்பி நியூட்ரல் அல்ல: வைஃபை ரிலே மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போனிலிருந்தே விளக்கு, ஃபேன், மோட்டாரைப் போடவும் அணைக்கவும் உதவும் தீப்பெட்டி அளவு வைஃபை ரிலே மாட்யூலை ஆன்லைனில் வாங்கி, சுவிட்ச் போர்டுக்குள் தாங்களே மாட்டிக்கொள்கிறவர்கள் வேலூர்ப் பக்கம் கூடிவிட்டார்கள். காட்பாடியில் வாடகை வீட்டில் இருக்கும் கல்லூரிப் பசங்களுக்கு அது விளையாட்டு. சத்துவாச்சாரியில் புது வீடு கட்டியவருக்கு வசதி. மோட்டார் போட மாடிப்படி ஏறி இறங்க முடியாத பெரியவர்களுக்கோ அவசியம். காரணம் வேறு வேறு. போர்டைக் கழற்றிப் பார்த்தால் தவறுகள் மட்டும் ஒரே மாதிரிதான். மெயினை அணைத்துவிட்டுக் கை வையுங்கள், ஸ்குரூவை இறுக்குங்கள் என்பதெல்லாம் இங்கே இல்லை. அது தெரியாதவர் போர்டைக் கழற்றவே கூடாது.

எர்த்தை நியூட்ரலாக எடுப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிற தவறு இது. எரிச்சலும் இதில்தான் அதிகம். கொஞ்சம் நீளமாகவே பார்ப்போம்.

சாதாரண சுவிட்சுக்கு பேஸ் (கரண்ட் வரும் கம்பி) மட்டும் போதும். பேஸ் உள்ளே வந்து, சுவிட்ச் வழியாக விளக்குக்குப் போகும். நியூட்ரல் (கரண்ட் திரும்பும் கம்பி) போர்டுக்குள் வராமலே சீலிங் ரோஸுக்குப் போய்விடும். ரிலே மாட்யூல் அப்படி இல்லை. உள்ளே ஒரு சின்ன பவர் சப்ளையும் வைஃபை சிப்பும் இருக்கின்றன. விளக்கு அணைந்திருந்தாலும் அவை நாள் முழுக்க ஓட வேண்டும். அதற்கு பேஸ், நியூட்ரல் இரண்டும் தேவை. ப்ளக் பாயின்ட்டோ இண்டிகேட்டரோ உள்ள போர்டில் நியூட்ரல் கட்டாயம் இருக்கும். மாடிப்படி டூ-வே சுவிட்ச், கட்டில் தலைமாட்டுச் சின்ன போர்டு, இந்த இரண்டிலும் பெரும்பாலும் இருக்காது.

அங்கேதான் கை பச்சைக் கம்பிக்கு, அதாவது எர்த்துக்குப் போகிறது. "ரெண்டும் கடைசியில மண்ணுக்குத்தானே சார் போகுது" என்பார் வேலை செய்பவர். மீட்டரை வைத்தால் பேஸுக்கும் பச்சைக்கும் நடுவே 230 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும். மாட்யூலின் நீல விளக்கு மினுக்கும். ஆப்பில் ஆன்லைன் என்று வரும். வேலை முடிந்தது, கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். உடனே கெட்டுப்போனால்கூடத் தேவலை. இது நன்றாக வேலை செய்யும். அதுதான் இதில் உள்ள கேடு.

ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் பாதுகாப்புச் சுவிட்ச்) உள்ள வீட்டில் என்ன நடக்கும்? பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்பதை மட்டும்தான் ஆர்சிசிபி பார்க்கிறது. வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் வகை; அது 15-க்கும் 30-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம், அதாவது தானாக அணையலாம். எர்த்தில் மாட்டிய ஒரு மாட்யூல் சில மில்லி ஆம்பியர்தான் எடுக்கும், அதனால் விழாது. இரண்டாவது, மூன்றாவது மாட்யூல் சேரும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இவற்றின் இயல்பான கசிவும் கூடும். ஒரு நாள் நடுராத்திரியில் வீடே இருட்டாகும். காலையில் ஆன் செய்தால் நிற்கும், மறுபடி இரவில் விழும். முதல் மாட்யூல் மாட்டி மாதங்கள் ஆகியிருப்பதால் யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வராது. "ஆர்சிசிபி வீக் ஆயிடுச்சு" என்று தீர்ப்பு எழுதி, அதைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுத்துவிடுவார்கள். உயிரைக் காக்க வைத்த ஒரே கருவி, 600 ரூபாய் மாட்யூலுக்காக வெளியே போகிறது.

ஆர்சிசிபி இல்லாத வீட்டில் இதைவிட மோசம். வீட்டுக்குப் பின்னால் உள்ள எர்த் குழியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பைப்பின் தலையில் உள்ள நட்டு துருப்பிடித்துக் கம்பி விட்டுப்போயிருக்கும். நம் ஊர்ப் பாறை மண்ணில், சித்திரை வெயிலில், தண்ணீர் ஊற்றாத குழி காய்ந்து கிடக்கும். எர்த் கம்பி குழியிலிருந்து அறுந்துவிட்டால், மாட்யூல் வழியாக வரும் பேஸுக்குப் போக வழியில்லை. வீடு முழுக்க ஓடும் பச்சைக் கம்பியில் அது ஏறி நிற்கும். ஃபிரிட்ஜ் கதவு, கீசர் உடம்பு, கிரைண்டர் எல்லாவற்றிலும் ஷாக் அடிக்கும். ஃபேனின் நியூட்ரலையும் சேர்த்து எர்த்தில் கொடுத்திருந்தால் ஆளைக் கொல்லும் அளவு கரண்ட் வரும்.

கம்பி எது என்று சரியாகக் கண்டுபிடிக்க டெஸ்டர் உதவாது. நியூட்ரலிலும் எர்த்திலும் அது எரியாது. நிறத்தையும் நம்ப முடியாது. கறுப்பு தீர்ந்துபோனால் பச்சையை நியூட்ரலாக இழுத்துவிட்டுப் போன வீடுகள் உண்டு. செய்ய வேண்டியது இது: டபுள் போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும்) மெயின் ஐசோலேட்டரை அணைக்கவும். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் அவுட்புட்டையும் கழற்றிவிடவும். மல்டிமீட்டரை பஸ்ஸர் நிலையில் வைத்து, சந்தேகக் கம்பிக்கும் பக்கத்து ப்ளக் பாயின்ட்டின் மேல் பெரிய துளைக்கும் நடுவே தொடவும். சத்தம் வந்தால் அது எர்த். மெயின் சிங்கிள் போலாக (பேஸை மட்டும் வெட்டுவதாக) இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். அணைத்த பின்பும் நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மர் எர்த் வழியாக மண்ணோடு சேர்ந்தே இருக்கும், எனவே இரண்டிலும் சத்தம் வரலாம். அப்போது டிபி பாக்ஸில் (மெயின் சுவிட்சுகள் உள்ள பெட்டி) உள்வரும் நியூட்ரலைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இதற்குக் கை கூசினால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

நியூட்ரல் இல்லையென்றால் வழி இருக்கிறது. அதே பைப்பில் 1 சதுர மில்லிமீட்டர் கறுப்புக் கம்பி ஒன்றை ஜங்ஷன் பாக்ஸிலிருந்து போர்டுவரை இழுக்கலாம். பழைய கம்பியில் கட்டி இழுக்கும்போது முடிச்சைத் தட்டையாக்கி டேப் சுற்றினால் வளைவில் சிக்காது. பைப் நிறைந்திருந்தால், சுவிட்ச் போர்டை விட்டுவிட்டு மாட்யூலை மேலே விளக்குப் பக்கம் உள்ள ஜங்ஷன் பாக்ஸில் வைக்கலாம். அங்கே நியூட்ரல் இருக்கிறது. சுவிட்ச் வழியாக வருகிற கம்பியைச் சுவிட்சை நீக்கி நிரந்தர பேஸாக மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். 'நோ நியூட்ரல்' மாட்யூல் கடைசி வழி. அது விளக்கு வழியாகவே கொஞ்சம் கரண்ட் விட்டு உயிர் வாழ்கிறது. 5 வாட், 9 வாட் எல்இடி அணைத்த பின்பும் மங்கலாக எரியும் அல்லது துடிக்கும். கூடவே தருகிற கெபாசிட்டரை விளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே போட்டால் அடங்கும். ஃபேனுக்கு இந்த வகை வேண்டாம்.

பக்கத்து அறை நியூட்ரலைக் கடன் வாங்குவது

எர்த் கூடாது என்று தெரிந்தவர் அடுத்துச் செய்வது இது. ஹால் எம்சிபியின் (ஹால் லைனுக்கான தனி பிரேக்கர்) பேஸ், பெட்ரூம் சர்க்யூட்டின் நியூட்ரல். இரண்டும் தனித்தனி ஆர்சிசிபியில் இருந்தால் இரண்டுமே விழும். ஒரே ஆர்சிசிபி என்றால் ஓடும். ஆனால் பெட்ரூம் எம்சிபியை அணைத்துவிட்டு அந்த நியூட்ரலைக் கழற்றுகிறவர் கையில் ஹால் கரண்ட் அடிக்கும். மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் இன்னும் ஆபத்து. இரண்டு பேஸ்களுக்குப் பொதுவான நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், இரண்டு சர்க்யூட்டுகளும் தொடராகச் சேர்ந்து 400 வோல்ட்டுக்கு நடுவே நிற்கும். முதலில் மாட்யூல் கருகும், கூடவே டிவியும் போகும்.

16 ஆம்பியர் என்ற எழுத்தை நம்பி மோட்டார் மாட்டுவது

மாட்யூல் மேல் உள்ள அந்த எண் ஹீட்டர் மாதிரியான லோடுக்கு. 1 குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார் ஓடும்போது 6 ஆம்பியர் அளவில்தான் எடுக்கும். கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு எடுக்கும். ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். ஆப்பில் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்து நிறைந்த சம்ப் காலியாகி, தண்ணீரில்லாமல் ஓடி சீல் எரியும்.

மாட்யூல் கான்டாக்டரின் (பெரிய கரண்டைத் தாங்கும் காந்த சுவிட்ச்) 230 வோல்ட் காயிலை மட்டும் இயக்கட்டும். மோட்டார் கரண்ட் கான்டாக்டர் வழியாகப் போகட்டும். ஓவர்லோடு ரிலேயை எடுத்துவிடாதீர்கள். கான்டாக்டர் வாங்கும்போது மோட்டாருக்கான ஏசி-3 வரிசையில் உள்ள ஆம்பியரைப் பாருங்கள், ஹீட்டர் மாதிரி லோடுக்கான ஏசி-1-ல் உள்ள பெரிய எண்ணை அல்ல. கான்டாக்டர் விழும்போது மாட்யூல் ரீசெட் ஆனால், காயிலுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெபாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடராகப் போட்டால் சரியாகும்.

தொட்டி நிறைய 20 நிமிடம் ஆகிறதென்றால் தானாக அணையும் நேரத்தை 25 நிமிடமாக மாட்யூலுக்குள்ளேயே வையுங்கள். பல மாட்யூல்களில் அது இன்சிங் என்ற பெயரில் இருக்கும். ஆப்பின் ஷெட்யூலை நம்பினால், நெட் போன நாளில் மொட்டைமாடியில் தண்ணீர் வழியும்.

கீசரை நேராக மாட்டுவது

3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் எடுக்கும். 16-க்குள்தான் என்றாலும் நெடுநேரம் எடுப்பதால் அதற்கும் கான்டாக்டர்தான்.

மேற்குச் சுவர் பாக்ஸ்

பெரும்பாலான மாட்யூல்களின் தாளில் சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரிவரை என்றுதான் இருக்கும். வேலூரில் மே மாதம் வெளியிலேயே 40-ஐத் தாண்டுகிறது. மாலை வெயில் முழுக்க வாங்கிய மேற்குச் சுவருக்குள் புதைந்த பாக்ஸ் அதைவிடச் சூடு. அதில் மூன்று மாட்யூல்களை அடுக்கி, மிச்சக் கம்பியை மேலே சுருட்டித் திணித்தால் பவர் சப்ளையில் உள்ள கெபாசிட்டர் உப்பிப்போகும். மாட்யூல் மணிக்கொரு முறை தானாக ரீஸ்டார்ட் ஆவது அதன் முதல் அடையாளம். ஒரு பாக்ஸுக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. பாக்ஸ் 2 அங்குல ஆழமாவது இருக்கட்டும். நான்கு சுவிட்சுக்கும் வேண்டுமென்றால் நான்கு சேனல் மாட்யூல் ஒன்றே போதும். ஒரே பவர் சப்ளை, ஒரே சூடு.

மாட்யூல் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுவது

வேண்டாம்.

கரண்ட் திரும்பி வந்ததும் எல்லாம் எரிவது

நள்ளிரவில் கரண்ட் போய் வந்ததும் வீட்டு விளக்குகள் அத்தனையும் எரிகின்றனவா? 'பவர் ஆன்' நிலை 'ஆன்' என்று விடப்பட்டிருக்கிறது. விளக்கு, ஃபேனுக்கு 'கடைசி நிலை'. மோட்டார், கீசருக்கு 'ஆஃப்' மட்டுமே. இதை ஒவ்வொரு மாட்யூலிலும் தனியாக வைக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மாட்யூலின் பேஸை யுபிஎஸ் லைனிலிருந்து எடுத்தால், அதன் அவுட்புட்டும் யுபிஎஸ் லைன்தான். பெரும்பாலான மாட்யூல்களில் உள்ளே இரண்டும் ஒன்று. ஈபி லைனில் இருந்த ஏசியோ அயர்ன் பாக்ஸ் பாயின்ட்டோ தெரியாமல் பேட்டரிக்கு மாறிவிடும். ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் யுபிஎஸ் லைனில் வைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் மாட்யூல் உயிரோடு இருந்தும் ஆஃப்லைன் என்றே காட்டும்.

ரெகுலேட்டருக்குப் பிறகு மாட்யூல்

ரெகுலேட்டரின் அவுட்புட்டில் மாட்யூலை ஓட்டினால் எரிந்துபோகும். வரிசை: பேஸ், மாட்யூல், ரெகுலேட்டர், ஃபேன்.

எஸ்1, எஸ்2-ல் பேஸ் கொடுப்பது

இவை சுவர் சுவிட்சை இணைக்கும் முனைகள். சில மாட்யூல்களில் பேஸ் கொடுக்க வேண்டும், சிலவற்றில் கொடுத்தால் வெடிக்கும். பெட்டியில் வந்த படத்தைப் பாருங்கள், யூடியூபை அல்ல.

சுவரில் மாட்டிய பிறகு வைஃபையில் சேர்ப்பது

முதலில் மேசை மேல், த்ரீ-பின் ஒயரில் மாட்டி, மூடியைத் திறக்காமல் சேர்த்து முடியுங்கள். இந்த மாட்யூல்களில் அநேகமும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், சேர்க்கும்வரை 5 கிகாஹெர்ட்ஸை அணைத்து வையுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். 'ஸ்விட்ச் 1' என்று விடாமல் அப்போதே 'ஹால் ஃபேன்' என்று பெயர் கொடுங்கள். சுவருக்குள் இரும்பு பாக்ஸ் இருந்தால் சிக்னல் குறையும். மூடி போட்ட பிறகு ஆப்பில் சிக்னல் அளவைப் பார்க்கவும். மைனஸ் 75-க்குக் கீழே போனால் ரவுட்டரை நகர்த்த வேண்டியதுதான். நெட் கம்பெனியை மாற்றும்போது புது ரவுட்டருக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வைத்துவிட்டால் ஒரு மாட்யூலையும் மறுபடி சேர்க்க வேண்டாம்.

மெயினில் இருக்கும்போதே சீரியல் ஒயர்

டாஸ்மோட்டா (மாட்யூலின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாக ஏற்றும் மென்பொருள்) ஏற்றும் பசங்களுக்கு மட்டும்: சீரியல் ஒயர் சொருகும் அந்த நான்கு பின்களும் 230 வோல்ட்டிலிருந்து பிரிக்கப்பட்டவை அல்ல. மெயினில் இருக்கும்போது யூஎஸ்பி அடாப்டரைச் சொருகினால் லேப்டாப்பும் போகும், தொட்டவருக்கும் ஷாக் அடிக்கும். மெயினைக் கழற்றிவிட்டு 3.3 வோல்ட் மட்டும் கொடுங்கள். 5 கொடுத்தால் சிப் போச்சு.