கஞ்சா வழக்கில் மாட்டினால் செய்யக் கூடாதவை

"ஒன்றேகால் கிலோதான் சார். கொஞ்சம்தான்."

என்.டி.பி.எஸ். நீதிமன்ற வராந்தாவில் ஒரு அம்மா எஃப்.ஐ.ஆர். நகலை நீட்டியபடி சொன்னது இது. மகன் ரிமாண்டாகி எட்டு நாள் ஆகியிருந்தது. அந்த எட்டு நாளும் ஸ்டேஷன், கவுன்சிலர் வீடு, "எனக்கு ஆளைத் தெரியும்" என்ற ஒரு புரோக்கர் என்று அலைந்திருக்கிறார். வக்கீலைப் பார்க்க வந்தது கடைசியில்தான். பிடிபட்ட சரக்கு கொஞ்சமா, நிறையவா என்று நாமே கண்ணளவில் முடிவு கட்டிக்கொள்வதில்தான் பாதிக் குடும்பங்கள் முதல் தவறைச் செய்கின்றன.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை எல்லோரும் என்.டி.பி.எஸ். என்றே சொல்கிறோம். அதில் தண்டனையைத் தீர்மானிப்பது எடை. கஞ்சா ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் சிறு அளவு. அதிகபட்சம் ஓராண்டு கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, கூடினால் 20 ஆண்டு, அபராதமும் ஒரு லட்சத்துக்குக் குறையாது. நடுவில் உள்ளதற்கெல்லாம் 10 ஆண்டு வரை கிடைக்கலாம். அந்த அம்மாவின் 'கொஞ்சம்' கால் கிலோ கூடிப்போனதால் ஓராண்டு என்பது பத்தாண்டாகிவிட்டது. மற்ற சரக்குகளில் கோடு இன்னும் கீழே கிடக்கிறது. சிறு அளவின் எல்லையும் வணிக அளவின் எல்லையும் என்ற வரிசையில் சொன்னால், ஹெராயினுக்கு 5 கிராமும் 250 கிராமும், மெத்தாம்பெட்டமினுக்கு 2 கிராமும் 50 கிராமும், எம்.டி.எம்.ஏ.வுக்கு அரை கிராமும் 10 கிராமும். டிரமடால் வலி மாத்திரைகூட 2018 முதல் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

"முக்கால்வாசி கலப்படம்தானே, அசல் கொஞ்சம்தான்" என்ற வாதத்தை இன்னும் நம்பி வருகிறார்கள். ஒரு காலத்தில் அது எடுபட்டது. நான்கு கிலோ பொடியில் ஹெராயின் சுமார் 60 கிராம்தான் இருந்தது என்று, சுத்தமான பங்கை மட்டும் கணக்கில் எடுத்து 2008-இல் மைக்கேல் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தள்ளிவிட்டது. கலந்த மாவும் சேர்த்து மொத்த எடைதான் இப்போது கணக்கு. பழைய தீர்ப்பைப் படித்துக் காட்டும் வீடியோக்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் எடையைப் பற்றி வாதிட வேறு இடம் இருக்கிறது. சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூத்த, காய்த்த நுனிப் பகுதியை. நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் வராது. தண்டும் இலையுமாக அள்ளிக் கட்டி, சாக்கோடு தராசில் ஏற்றி 20.200 கிலோ என்று மகஜரில் (சரக்கைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் கையெழுத்தோடு எழுதி வைக்கும் ஆவணம்) எழுதியிருந்தால், சாக்கு எத்தனை கிராம் என்ற கேள்விக்கு விலை பத்து வருடம். இதனால்தான் எஃப்.ஐ.ஆரை மட்டும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு திரிவது தவறு. மகஜர் நகல் வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் சாட்சி, எப்படி நிறுத்தார்கள், சாம்பிளை மாஜிஸ்திரேட் முன் எடுத்தார்களா என்பதையெல்லாம் வரி வரியாகப் பார்க்க வேண்டும். சாம்பிள் எடுப்பதற்கான 52ஏ பிரிவை மீறினாலே வழக்கு உடைந்துவிடும் என்று நினைத்துவிடவும் கூடாது. அது மட்டும் போதாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அடுத்தது 50-ஆவது பிரிவு. உடம்பைச் சோதனை போடும் முன், "கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது" என்று போலீஸ் சொல்லியாக வேண்டும். இதைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று 2010-இல் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. சரிதான். ஆனால் தோளில் தொங்கிய பை உடம்பாகாது என்று 2005-லேயே தீர்ப்பு இருக்கிறது. சரக்கு பையில் கிடைத்திருக்கும்போது 50-ஐ மட்டும் பிடித்துத் தொங்கும் மனுக்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாகத்தான் இருக்கும்.

ஸ்டேஷனில் வாய் திறப்பதைப் பற்றி. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு வழக்கில், 2020 அக்டோபர் 29 அன்று, என்.சி.பி. (மத்திய போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு) போன்ற அமைப்புகளின் அதிகாரிகளும் போலீஸ் அதிகாரிகளே, அவர்களிடம் 67-ஆவது பிரிவில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. "அப்படியென்றால் எதைச் சொன்னாலும் பரவாயில்லை" என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. நீங்கள் சொல்லி ஒரு பொட்டலம் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி சாட்சியமாகும். நீங்கள் சொன்ன பெயர் குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியலில் ஏ3, ஏ4 என்று வரிசையில் நிற்கும். அறையில் கூடப் படுத்திருந்தவனும், ஜிபேயில் எதற்கோ பணம் அனுப்பியவனும் உடந்தை என்று 29-ஆவது பிரிவில் வருவது இப்படித்தான். வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். மிரட்டி வாங்கியிருந்தால், ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போதே மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து ஜாமீன் மனுவில் எழுதினால் அதற்கு மதிப்பில்லை.

ஜாமீனில் செய்யும் தவறுதான் பெரிய தவறு. வணிக அளவு வழக்கில் 37-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். இவர் குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும், வெளியே வந்தால் மறுபடி செய்ய மாட்டார் என்றும் நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். ஒரே மனுவை மாதாமாதம் போட்டுத் தள்ளுபடி வாங்கிக்கொண்டே, காலண்டரைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். வணிக அளவில் ரிமாண்டிலிருந்து 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வர வேண்டும். பப்ளிக் பிராசிக்யூட்டர் காரணம் காட்டி அறிக்கை கொடுத்தால் ஓராண்டு வரை நீட்டலாம். வராவிட்டால் 37 எல்லாம் கிடையாது, ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் கேட்டால்தான் உரிமை. டி.ஆர்.ஐ. (மத்திய வருவாய்ப் புலனாய்வு இயக்ககம்) பிடித்த ரவீந்திரன் வழக்கில் 180 நாள் முடிந்த மறுநாள் காலை கோர்ட் கூடியதுமே மனு போட்டுவிட்டார்கள். டி.ஆர்.ஐ. அன்றைக்கே பிற்பகலில் புகாரை, அதாவது அவர்களின் குற்றப்பத்திரிகையை, தாக்கல் செய்தது. உயர் நீதிமன்றம் ஜாமீனை ரத்து செய்தும், முதலில் கேட்டுவிட்டதால் உரிமை போகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. ஒரு நாள் தூங்கியிருந்தால் அந்த மனுவே இல்லை.

நம் மாநிலத்தில் இதோடு குண்டாஸும் உண்டு. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14-ஆவது சட்டப்படி 'போதைப்பொருள் குற்றவாளி' என்று 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். அந்த உத்தரவு வந்துவிட்டால் கையில் ஜாமீன் இருந்தும் வெளியே வர முடியாது. பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுதான் வழி. ஜாமீனில் வெளியே வந்துவிடுவார் என்பதையே தடுப்புக் காவல் உத்தரவுக்குக் காரணமாக எழுதுவது வழக்கம் என்பதால், ஜாமீன் மனுவை எந்த நாளில் போடுவது என்பதையே யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய வழக்கு ஏதாவது இருக்கிறதென்றால் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

சிறு அளவு வழக்கில் ஆபத்து வேறு மாதிரி வரும். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போப்பா" என்று யாராவது சொல்ல, பையன் தலையாட்டிவிடுவான். அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். ஆனால் அது தண்டனை. பாஸ்போர்ட், அரசு வேலை என்று ஒவ்வொரு இடத்திலும் தலைகாட்டும். மறுபடி மாட்டினால் அதிகபட்ச தண்டனை ஒன்றரை மடங்காகும். பழக்கத்துக்கு அடிமையானவர் சிறு அளவோடு பிடிபட்டு, தானாக அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சைக்குச் சென்றால் வழக்கிலிருந்து விலக்கு தரும் 64ஏ பிரிவு இருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும்.

பணமில்லை என்று வக்கீல் வைக்காமல் விடவே வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும்.

அந்த அம்மாவுக்குப் புரோக்கரிடம் கொடுத்த பணம் திரும்ப வரவில்லை. மகஜரை வாங்கிப் பார்த்தோம். ஒன்றேகால் கிலோ என்பது துணிப்பையோடு சேர்த்து எடுத்த எடை. பை எத்தனை கிராம் என்று யாரும் தனியாக எழுதி வைக்கவில்லை.