விளம்பரப் படத்தில் வீடு பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவுச் சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் சாய்ந்தபடி வீட்டு விளம்பரங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பதில் தப்பே இல்லை. வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், நமக்கு என்ன பிடிக்கிறது என்று அது சொல்லித் தரும். ஆனால் படத்தில் கண்ணை இழுப்பது சோபா, தொங்கும் விளக்கு, ஜன்னலோரச் செடி, மஞ்சள் வெளிச்சம். இவை எவையும் விலையில் சேர்ந்தவை இல்லை. விலைக்கு வருவது சுவர்களுக்கு நடுவே உள்ள இடம், ஜன்னல் பார்க்கும் திசை, குழாயில் வரும் தண்ணீர், நிலத்தில் உங்கள் பெயருக்கு எழுதப்படும் பங்கு. சென்னையில் அடுக்குமாடி வீடு தேடுபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதில்தான் தொடங்குகின்றன.

அறையைக் கண்ணால் அளப்பது

விளம்பரப் படங்களை அகலமான லென்ஸில், அறையின் மூலையில் நின்று, இடுப்பு உயரத்தில் கேமராவைப் பிடித்து எடுக்கிறார்கள். பத்தடி அறை பதினைந்தடி மாதிரி தெரியும். படத்தின் ஓரத்தில் இருக்கும் நாற்காலியோ ஃபிரிட்ஜோ இழுத்துவிட்டதுபோல் அகன்றிருந்தால் அந்த லென்ஸ்தான் காரணம்.

இதற்கு எளிய வழி, தரை ஓடுகளை எண்ணுவது. அடுக்குமாடிகளில் அதிகம் போடுவது 2 அடிக்கு 2 அடி ஓடு. புதிய கட்டடங்களில் 800 மில்லிமீட்டர் ஓடும், 4 அடிக்கு 2 அடி ஓடும் உண்டு. எந்த அளவு என்று சந்தேகம் வந்தால் கதவடியைப் பாருங்கள். படுக்கையறைக் கதவு சுமார் 3 அடி அகலம். அந்த அகலத்தில் ஒன்றரை ஓடு அடங்கினால் அது 2 அடி ஓடு. பிறகு சுவர் ஓரமாக இணைப்புக் கோடுகளை எண்ணினால் போதும். ஐந்து முழு ஓடும் ஒரு துண்டும் என்றால் அந்தச் சுவர் பத்தடியைக் கொஞ்சம் தாண்டும். தரை தெரியாவிட்டால் மின்விசிறியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வீடுகளில் வழக்கமாக மாட்டும் விசிறியின் சுற்று அகலம் 1200 மில்லிமீட்டர், அதாவது 4 அடி.

அளவு கிடைத்ததும் உங்கள் சாமான்களை அதில் வைத்துப் பாருங்கள். 10 அடிக்கு 11 அடி படுக்கையறை என்று வைத்துக்கொள்வோம். கிங் சைஸ் மெத்தை 6 அடி அகலம், 6½ அடி நீளம். தலைமாட்டை 10 அடிச் சுவரில் சாய்த்தால் இருபுறமும் 2 அடி மிஞ்சும். நீளவாக்கில் மிஞ்சுவது 4½ அடி. எதிர்ச்சுவரில் 2 அடி ஆழ அலமாரி வந்தால் நடக்க 2½ அடி. கட்டிலின் சட்டம் மெத்தையைவிட மூன்று நான்கு அங்குலம் நீளும் என்பதால் உண்மையில் அது இன்னும் குறையும். அலமாரிக் கதவைத் திறந்தால் கட்டிலில் உட்கார்ந்துதான் துணி எடுக்க வேண்டும். சறுக்குக் கதவு போடலாம் என்றால் அலமாரியின் ஆழம் 26 அங்குலம் வரை போகும். இதே அறையில் 5 அடி அகலக் குயின் சைஸ் கட்டில் போட்டால் பக்கங்கள் தாராளமாகும். அலமாரியை வேறு சுவருக்கு மாற்ற முடிகிறதா என்று பார்க்கும்போது கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஏ.சி. பாயிண்ட் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கட்டுநர் காட்சிக்கு வைத்திருக்கும் மாடல் ஃபிளாட்டில் இந்தச் சிக்கல் தெரியவே தெரியாது. அங்கே சிறிய கட்டில் போட்டிருப்பார்கள், உள்கதவுகளைக் கழற்றியிருப்பார்கள், அலமாரி இருக்க வேண்டிய சுவரில் கண்ணாடி நிற்கும். போகும்போது டேப்பும் எடுத்துச் செல்லுங்கள்.

சதுர அடி விலையை மட்டும் ஒப்பிடுவது

விளம்பரத்தில் எழுதும் சதுர அடி பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப். படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த கணக்கு அது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் 'கார்ப்பெட் ஏரியா' என்பதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது: வெளிச்சுவர், குழாய்கள் போகும் ஷாஃப்ட், பால்கனி, மொட்டைமாடி ஆகியவை சேராது, உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் சேரும். ஒப்பிட வேண்டியது இந்த அளவைத்தான்.

ஒரு கணக்கு பாருங்கள். முதல் வீடு 1,200 சதுர அடி, சதுர அடிக்கு 7,000 ரூபாய், மொத்தம் 84 லட்சம். கார்ப்பெட் 870. இரண்டாவது 1,100 சதுர அடி, 7,500 ரூபாய், மொத்தம் 82½ லட்சம். கார்ப்பெட் 880. பட்டியலில் போட்ட சதுர அடி விலைப்படி முதல் வீடுதான் மலிவு. மொத்த விலையைக் கார்ப்பெட்டால் வகுத்தால் முதலாவது 9,655 ரூபாய், இரண்டாவது 9,375. இரண்டாவதில் இடமும் கூட, பணமும் மிச்சம்.

புதிய கட்டடம் என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு எண்ணைத் தேடி வரைபடத்தையும் கார்ப்பெட் அளவையும் பார்த்துவிடுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டும் திட்டத்தைத் தவிர மற்றவற்றுக்குப் பதிவு கட்டாயம். பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. கூடவே யூ.டி.எஸ். எனப்படும் பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஒரே விலை, ஒரே அளவு உள்ள இரு வீடுகளில் இது மட்டும் பெரிதாக வேறுபடலாம். கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும் காலத்தில் உங்கள் கையில் நிற்பது அதுதான்.

திரையில் தோன்றும் விலையோடு கணக்கு முடிவதில்லை. அந்த 84 லட்சம் வீடு மறுவிற்பனை என்றால், பத்திரம் முழு விலைக்குப் பதிவாகும்போது முத்திரைத்தாள் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 7.56 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனில், வங்கி வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தர முடியும். பதிவுச் செலவு அந்த மதிப்பில் சேராது. கடன் 67.2 லட்சம் கிடைத்தாலும் கையிலிருந்து 16.8 லட்சமும் பதிவுச் செலவும் போக வேண்டும். 24 லட்சத்துக்கு மேல் ஆயிற்று, இன்னும் ஒரு திரைச்சீலைகூட மாட்டவில்லை. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 58,300 ரூபாய். பட்டியலின் விலை வடிகட்டியில் மேல் எல்லையை வைக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். பத்து லட்சம் மேலே உள்ள வீட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நம் கைக்கு எட்டும் நல்ல வீடு மட்டமாகத் தெரியத் தொடங்கிவிடும்.

படத்தில் இல்லாததைத் தேடாமல் விடுவது

பட்டப்பகலில் எடுத்த படத்தில் எல்லா விளக்கும் எரிந்தால் அறை இருட்டாக இருக்க வாய்ப்புண்டு. திரைச்சீலை எல்லாப் படத்திலும் மூடியே இருந்தால் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர் நிற்கலாம். நீச்சல் குளத்துக்கு ஆறு படம் போட்டு, குளியலறைக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் ஒன்றுகூட இல்லை என்றால் அவற்றை முதலில் கேளுங்கள். வரவேற்பறையில் ஒரே ஒரு வெளிச்சுவரில் மட்டும் வால்பேப்பரோ பி.வி.சி. பட்டைகளோ இருந்தால், அது அழகுக்காகவும் இருக்கலாம், ஓதத்தை மறைக்கவும் இருக்கலாம். நேரில் போகும்போது அந்தச் சுவரின் அடிப்பகுதியில் வெள்ளைப் பூப்போல உப்பு பூத்திருக்கிறதா, வெளிப்பக்கத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

தெருவிலிருந்து தொடங்கி, வாசல், படிக்கட்டு, வீட்டுக்குள் எல்லா அறையும் என்று வெட்டாமல் எடுத்த ஒரே வீடியோவை அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையாக விற்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. வீட்டையே காட்டாமல், வேறு யாரோ பேசி முடிக்கப்போகிறார் என்று அவசரப்படுத்தி முன்பணம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

புதுத் திட்டங்களில் கணினியில் வரைந்த படத்தைக் காட்டி விற்பது வழக்கம். அந்தப் படங்கள், கையேடு, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் தேதியோடு சேமித்து வையுங்கள். விளம்பரத்தையோ மாடல் ஃபிளாட்டையோ நம்பிப் பணம் கட்டி, அதில் சொன்னது பொய்யாகி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம்; விலகிக்கொண்டு, கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம் என்று அதே 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. 13-ஆம் பிரிவின்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது.

சமையலறைப் படத்தை அப்படியே கேட்பது

கனவு வீட்டில் அதிகப் பணம் வீணாவது இங்கேதான். படத்திலுள்ள சமையலறை மேடை வெறுமையாக இருக்கும். ஒரு பழக்கூடை, ஒரு செடி, அவ்வளவுதான். நம் வீட்டு மேடையில் மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் சுத்திகரிப்பான், குக்கர், எண்ணெய்த் தூக்கு எல்லாம் இருந்தாக வேண்டும். அடுப்புக்கு 2½ அடி, சிங்குக்கு 2 அடி, மிக்ஸியும் கிரைண்டரும் நிரந்தரமாக உட்கார 2½ அடி, காய் நறுக்க 2 அடி. ஆக, 9 அடி மேடை இல்லாவிட்டால் நெருக்கடிதான். கல் கிரைண்டரை அலமாரிக்குள் வைத்து, மாவரைக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள். பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ளதை வாரம் இரண்டு முறை யாரும் தூக்குவதில்லை. ஒரு மாதத்தில் அது மேடைக்கே வந்துவிடும்.

திறந்த சமையலறை ஆசை இருந்தால் சிம்னியின் குழாய் எங்கே வெளியேறும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 6 அங்குலக் குழாய் முடிந்தவரை நேராக, வளைவு குறைவாக வெளியே போக வேண்டும். உத்திரத்தில் துளை போடக் கூடாது. குழாயே இல்லாமல் காற்றை வடிகட்டி உள்ளேயே விடும் வகை, கடுகு தாளிப்புக்கும் மீன் வறுவலுக்கும் தாங்காது. எண்ணெய்ப் பிசுக்கு வரவேற்பறைத் திரைச்சீலையில் ஏறும்.

மரப்பலகையில் ஏமாறுவது இன்னொன்று. வெளிப்பூச்சு ஒன்றுபோல் இருக்கும், உள்ளே மரநாரை அழுத்திச் செய்த, ஈரத்தில் ஊதும் எம்.டி.எஃப். பலகையா பிளைவுட்டா என்று படம் சொல்லாது. குக்கர் ஆவி படும் மேல் அலமாரியின் கீழ் விளிம்பும் சிங்கின் கீழ்ப் பெட்டியும்தான் முதலில் ஊதிப்போகும் இடங்கள். ஈரம் படும் பகுதிக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, கொதிநீர் தாங்கும் 18 மில்லிமீட்டர் பிளைவுட் கேளுங்கள். அந்த முத்திரை பலகையின் மேலேயே அச்சாகியிருக்கும். லேமினேட் எனும் மேல்தாளை ஒட்டும் முன் பார்த்துவிடுங்கள். வெட்டிய விளிம்பு எதுவும் பட்டை ஒட்டாமல் திறந்திருக்கக் கூடாது. வெள்ளைப் பளிங்கு மேடையில் எலுமிச்சையும் புளியும் பட்டால் பளபளப்பு அரித்துப் போகும். கருப்பு கிரானைட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

மர வேலைக்கான மதிப்பீடு முன்பக்கத்தின் சதுர அடிக் கணக்கில் வரும். 7 அடி அகலம், 7 அடி உயர அலமாரி 49 சதுர அடி. மேலே 2 அடி லாஃப்ட் சேர்த்தால் 63. உள்ளே இழுப்பறை, கீல், கைப்பிடி தனியா, சேர்ந்ததா என்று எழுதி வாங்காவிட்டால் கடைசி ரசீது முதல் மதிப்பீட்டைத் தாண்டிப் போகும்.

வேறொரு வீட்டின் அலங்காரத்தை அடுக்குமாடியில் ஒட்டுவது

செட்டிநாட்டு வீட்டுப் படம் பார்த்து ஆத்தங்குடி ஓடு போட ஆசைப்படுபவர்கள் நிறைய. அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் அது சூளையில் சுடாத சிமென்ட் ஓடு. சாதாரண ஓட்டைவிடத் தடிமன் கூட. கீழே கலவைப் படுகையும் வேண்டும். கட்டி முடித்த அடுக்குமாடியில் இருக்கும் தரைக்கு மேலேயே போட்டால் தரை ஏறிவிடும், கதவுகளின் அடியை அறுக்க வேண்டும், குளியலறை வாசல் மட்டமும் மாறும். அமிலம் கலந்த தரைக்கழுவி பட்டால் நிறம் போய்விடும். பூஜையறை, பால்கனி போன்ற சிறு இடத்தில், பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் போடுவது நல்லது.

ஃபால்ஸ் சீலிங் போடும் முன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 9½ அடி உயர அறையில் 8 அங்குலம் இறக்கி, அதற்குக் கீழே ஓரடித் தண்டில் விசிறி மாட்டினால் இறக்கைகள் 7 அடி 10 அங்குலத்தில் சுற்றும். அந்த அறையின் கட்டிலில் பிள்ளைகள் நின்று குதிக்கக் கூடாது.

வறண்ட மாதத்தில் மட்டும் போய்ப் பார்ப்பது

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தண்ணீர் எங்கே நின்றது என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது. தெருமுனை மளிகைக் கடையில் கேட்டால் எந்தப் படிவரை ஏறியது என்று கையால் காட்டுவார்கள். மேற்கு ஜன்னல் உள்ள வீட்டைக் காலையில் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். மாலை நான்கு மணிக்கு இன்னொரு முறை போங்கள்.

தண்ணீரைக் கடைசியாகத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், முதலில் கேட்டிருக்க வேண்டும். சென்னைக் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் இணைப்பு உண்டா, ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, கோடையில் மாதம் எத்தனை லாரி வாங்குகிறார்கள் என்று சங்கச் செயலாளரிடமோ காவலாளியிடமோ விசாரியுங்கள். கடலோரப் பகுதியில் நிலத்தடி நீர் உப்பாக இருந்தால் படத்தில் பளபளத்த குழாய்கள் சீக்கிரம் வெளுத்து அடைத்துக்கொள்ளும். குளியலறைக் குழாயின் முனையையும் ஷவரின் துளைகளையும் உற்றுப் பாருங்கள். வெள்ளைப் படிவு கெட்டியாக இருந்தால், சுத்திகரிப்பானுக்கும் அடிக்கடி குழாய் மாற்றவும் ஆகும் செலவை விலை பேசும்போதே எடுத்து வையுங்கள்.