ஓலைச்சுவடியைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது எப்படி?

எங்கள் ஊர் நூலகத்தில் நடந்த மூன்று நாள் கண்காட்சிக்கு ஒரு வைத்தியச் சுவடியை எடுத்து வைத்தேன். இரண்டாம் நாள் காலையில் பார்த்தால், மேலேட்டின் ஓரம் வளைந்து எழும்பி நின்றது. மனசு பதறிவிட்டது.

சரி, முதலில் இருந்து வருகிறேன். பெட்டிக்குள் வைக்கும் முன் ஒவ்வொரு ஏட்டையும் இருபுறமும் படம் எடுங்கள். விரிசலும் பூச்சித் துளையும் தெளிவாகத் தெரிய வேண்டும். பருத்திக் கையுறை வேண்டாம் என்பேன். ஏட்டின் சிம்பில் அதன் நூல் மாட்டிக்கொள்ளும். கழுவி, ஈரம் போகத் துடைத்த கையே போதும். கயிறு இறுக்கமாக இருந்தால் துளை கிழியும், தளர்த்திவிடுங்கள்.

வெளிச்சம் 50 லக்ஸைத் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. வெளிச்சத்தின் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும்: 500 லக்ஸில் ஒரு மணி நேரமும் 50 லக்ஸில் பத்து மணி நேரமும் ஒன்றுதான். போன் செயலியை நம்பாதீர்கள், லக்ஸ் மீட்டரே வாங்குங்கள். விளக்கு பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்; உள்ளே வைத்தால் சூடாகும்.

இப்போது நான் சறுக்கிய இடம். மழைக்காலம், ஈரம் ஏறிவிடுமோ என்று பயந்து சிலிக்கா ஜெல் பைகளை உள்ளே கைநிறையப் போட்டேன். நன்கு உலர்ந்த ஜெல் கொஞ்சம் ஈரத்தோடு நிற்காது, இருப்பதையெல்லாம் உறிஞ்சும். சின்னப் பெட்டியில் காற்று வறண்டு, ஏடும் வறண்டு வளைந்தது. அதனால் ஜெல்லை முதலில் 50 முதல் 55 சதவீத ஈரப்பதத்துக்குப் பதப்படுத்தி, அதாவது அந்த அளவு ஈரமுள்ள காற்றில் வைத்துப் பழக்கி, அதற்கப்புறம்தான் உள்ளே வைக்க வேண்டும். ஈரப்பதமானி ஒன்றையும் சுவடிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். சுவடியை வைப்பதற்கு முந்தின நாளே, ஜெல்லும் மானியும் மட்டும் உள்ளே இருக்கப் பெட்டியை மூடி, இரவு முழுக்க அளவு நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மட்டும் சுவடியை உள்ளே வையுங்கள்.

வளைந்த ஏட்டை அழுத்தி நிமிர்த்தாதீர்கள், உடைந்துவிடும். நான் பெட்டியைத் திறந்து, ஜெல்லை எடுத்துவிட்டு, சுவடியை நிழலில் அப்படியே விட்டேன். மெல்லத் தணிந்தது.

பின்சேர்க்கை: கண்காட்சிக்கு முன் எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசலாமா என்று இருவர் கேட்டார்கள். முந்தின நாள் பூசவே வேண்டாம், பிசுபிசுப்பில் தூசி ஒட்டும். மை கலையுமா என்றும் முதலில் ஒரு மூலையில் சோதிக்க வேண்டும். அதைச் சுவடிப் பராமரிப்பு தெரிந்தவரே செய்யட்டும். மூடிய பெட்டிக்குள் நாப்தலின் உருண்டையும் (பாச்சை உருண்டை) கூடாது.