கடலூர் வெயிலுக்குக் கூழும் மோரும் பானைத் தண்ணீரும்

கடலூர் வெயில் ஒரு தனி ரகம். வேலூரில் டிகிரி கணக்கு நம்மைவிட ஏறித்தான் இருக்கும், ஆனால் அங்கே வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். இங்கே கடல் ஈரம் காற்றிலேயே நிற்பதால் வேர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மேல்காற்று பலமாக இருக்கிற நாளில் கடல்காற்று மதியம் தாண்டியும் ஊருக்குள் வராது, அன்றைக்குத்தான் ரொம்ப மோசம். வேர்வையோடு உப்பும் சேர்ந்து போகிறது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. தண்ணீர், உப்பு, வயிற்றில் கனக்காத ஆகாரம், இது மூன்றும் ஒரே சொம்பில் வேண்டும் என்றால் கூழைத் தவிர வேறு எதுவும் கிட்டே வராது. கத்திரி முடிகிற வரைக்குமாவது, அதாவது மே கடைசி வரை, வீட்டில் காலை இட்லியைக் குறைத்துக்கொண்டு கூழுக்கு மாறிப் பாருங்கள்.

கேழ்வரகுக் கூழுக்குக் கணக்கு எளிது: காலையில் கரைக்கணும், சாயங்காலம் காய்ச்சணும், மறுநாள் காலையில் குடிக்கணும். நான்கு பேருக்கு ஒரு டம்ளர் கேழ்வரகு மாவு போதும். அதை இரண்டு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மண் சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ மூடி வையுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதில் நிற்கக் கூடாது. இந்த வெயிலுக்கு எட்டு மணி நேரத்தில் புளித்துவிடும். திறந்து பார்த்தால் மாவு அடியில் தங்கி, மேலே தெளிந்த தண்ணீரில் பொடிப்பொடியாக நுரைக் குமிழ் நிற்கும், மோர் போல இதமான ஒரு புளிப்பு வாசனை வரும். அதுதான் பக்குவம். மூக்கைச் சுளிக்க வைக்கிற வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

சாயங்காலம் கால் டம்ளர் நொய்யைக் கழுவி நான்கு டம்ளர் தண்ணீரில் குழைய வேக விடுங்கள். பச்சரிசி நொய்யோ புழுங்கலரிசி நொய்யோ, எது கிடைக்கிறதோ அது. நொய் நன்றாக மலர்ந்ததும் தீயைக் குறைத்து, கரைத்த மாவை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே இன்னொரு கையால் கிளறணும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கட்டி தட்டும், அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் சரியாகாது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மாவின் வெளுப்பு போய், நிறம் கருத்து, பளபளவென்று வரும். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. இறக்கி, ஆறின பிறகு மேலே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிடுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்து, விடிவதற்குள் கெட்டுப்போகும்.

காலையில் குடிக்கிறவருக்கு மட்டும் வேண்டியதை எடுத்துக் கையால் பிசைந்து கரைத்து, மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயம் பொடியாக அரிந்து போடுங்கள். மொத்தத்துக்கும் மோரை ஊற்றி வைத்தால் பதினோரு மணிக்கு வாயில் வைக்க முடியாத புளிப்பாகிவிடும். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய்ப் பத்தை, கொத்தவரங்காய் வத்தல், எதுவானாலும் சரி. கருவாடு இல்லாமல் நம் ஊரில் கூழ் இறங்காது என்பது உண்மைதான், ஆனால் வறுப்பதற்கு முன்னால் வெந்நீரில் ஊறப்போட்டு அலசிவிடுங்கள், இல்லையென்றால் அதன் உப்பே நாள் முழுக்கத் தாகத்தைக் கிளப்பும்.

கம்பங்கூழும் இதே வழிதான். ஆனால் கம்பில் எண்ணெய்ச் சத்து கூடுதல் என்பதால் அரைத்த மாவு சீக்கிரம் கசந்துவிடும். மாதக் கணக்கில் கடையில் கிடந்த பாக்கெட்டை வாங்காதீர்கள். கம்பாகவே வாங்கி, தண்ணீர் தெளித்துப் பிசிறி வைத்து, மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டி, உமியைப் புடைத்துவிட்டு ரவையாக உடைத்துக்கொண்டால் ருசியே வேறு.

இவ்வளவுக்கு நேரமில்லாதவர்களுக்குப் பழைய சோறு இருக்கிறது. புழுங்கலரிசிச் சோறு ஆறினதும் மூழ்கத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் அந்த நீராகாரத்தைக் கொட்டிவிட்டுச் சோற்றை மட்டும் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. உப்புப் போட்டு முதலில் குடிக்க வேண்டியதே அதுதான்.

மோர் விஷயத்தில் ஒன்றே ஒன்று: கெட்டியாக இருந்தால் அது மோர் இல்லை. ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர், நன்றாகக் கடைந்து, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், நாக்குக்குத் தெரிகிற அளவு உப்பு. பதினோரு மணிக்கு ஒரு சொம்பு, மூன்று மணிக்கு ஒரு சொம்பு. வாசலில் மீன் கொண்டுவருகிறவருக்கும் தபால் கொடுக்கிறவருக்கும் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள், அவர்கள் நம்மைவிட அதிகமாக வெயிலில் நிற்கிறார்கள்.

தண்ணீருக்கு மண்பானை. பானையின் மேல் தோலில் கசிகிற ஈரம் ஆவியாகப் போகும்போதுதான் உள்ளே இருக்கிற தண்ணீர் குளிர்கிறது. அதனால் பானையைச் சமையலறை மூலையில் அடைத்து வைத்துவிட்டு, குளிரவே இல்லை என்று சொல்வதில் நியாயமில்லை. காற்றில் ஈரம் மிகுந்த நம் ஊரில் பானை பாடுபட்டுத்தான் குளிரும், கிழக்குப் பக்க ஜன்னலோரம் வைத்து அடியில் ஈர மணல் பரப்புங்கள், கடல்காற்று பட்டால் வித்தியாசம் தெரியும். பெயின்ட் அடித்த பானை வாங்காதீர்கள், கசிவே இருக்காது. உள்ளே போட வெட்டிவேருக்கு நாம் வெளியூர் பார்க்க வேண்டியதே இல்லை, நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கத்து மணல் நிலத்தில் விளைகிறது. ஒரு பிடி வேரை மண் போக அலசி, வெள்ளைத் துணியில் முடிந்து போட்டால் போதும்; இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் காயவைத்து மறுபடி போடலாம். வழவழப்பு வந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் வெயிலைத் தாங்குவதற்கு, வெயில் அடித்து விழுந்தவருக்கு இல்லை. உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சுக் குளறுகிறது, ஆள் அடையாளம் தெரியவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரை மருத்துவரிடம் கேட்காமல் குடிக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம். ரத்தக் கொதிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் உப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நுங்கு வாங்கும்போது வெட்டுகிற இடத்திலேயே நின்று வாங்குங்கள். விரலால் அழுத்தினால் உள்வாங்கி, கண்ணில் இருக்கிற தண்ணீர் தளும்பணும், அதுதான் இளசு. கடுக்காயாக முற்றினதைத் தின்றால் வயிறு வலிக்கும். பதநீர் விடிகாலைச் சரக்கு. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால்தான் அது புளிக்காமல் இருக்கிறது. வெயில் ஏறின பிறகு சாலையோரம் விற்பதை வாங்கவே வாங்காதீர்கள், ஏழு மணிக்குள் பனையேறுகிறவரிடமே போய், கையோடு பாத்திரம் கொண்டுபோய், அங்கேயே ஒரு வாய் குடித்துப் பார்த்து வாங்குங்கள்.