ஓட்டை இல்லாத ரோல்கள்: பூஜ்ஜியம் நிறைந்த எண்ணிக்கைக்கு எந்த மாடல்?

திருப்பூர் நிட்டிங் யூனிட் ஒன்றின் செக்கிங் நோட்டு கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். துணி ரோலுக்கு ஒரு வரி: மெஷின் எண், நூல் கவுண்ட், எடை, எத்தனை ஓட்டை. 200 ரோலில் 130-இல் ஓட்டையே இல்லை. எந்த மெஷினில் ஓட்டை அதிகம் விழுகிறது, ஏன் என்பதுதான் கேள்வி. ஆர் மென்பொருள் போதும்.

படி 1: நோட்டை நம்பலாமா?

0 என்று எழுதியதெல்லாம் பார்த்து எழுதியதுதானா? அவசர ஆர்டரில் செக்கிங் மெஷினில் ஏற்றாமலே டையிங்குக்குப் போன ரோலுக்கும் 0 போட்டிருப்பார்கள். அது பூஜ்ஜியம் இல்லை, விடுபட்ட தகவல். காலியாக விடுங்கள். செக்கிங் பார்த்தவரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். எந்த மாடலும் இதைக் கண்டுபிடித்துத் தராது.

படி 2: பாய்சான் என்ன சொல்கிறது?

பாய்சான் என்பது எண்ணிக்கைகளுக்கான எளிய நிகழ்தகவு மாடல். ரோலுக்கு ஓட்டைகளின் சராசரி 0.8, பரவற்படி (எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 2.4 என்று வருகிறது. பாய்சானில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். சராசரி 0.8 என்றால் பூஜ்ஜியம் வர அது தரும் வாய்ப்பு 0.45, அதாவது 90 ரோல். நம்மிடம் 130.

இதைப் பார்த்ததும் பலர் நேராக, கூடுதல் பூஜ்ஜியங்களுக்கென்று தனிப் பகுதி வைத்திருக்கும் ஜீரோ-இன்ஃப்ளேட்டட் மாடலுக்கு ஓடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

படி 3: நெகட்டிவ் பைனாமியல்

இது பாய்சானைவிட அதிகச் சிதறலுக்கு இடம் தரும் மாடல். இதில் பரவற்படி = சராசரி + (சராசரியின் வர்க்கம் ÷ தீட்டா). தீட்டா சிறிதானால் சிதறல் அதிகம். நம் எண்களைப் போட்டால் தீட்டா 0.4. பூஜ்ஜியத்தின் வாய்ப்பு 0.64, அதாவது 129 ரோல். சரியாகப் போயிற்று! பூஜ்ஜியம் கூடுதலாக எதுவும் இல்லை, ரோலுக்கு ரோல் வித்தியாசம்தான் அதிகம். என் அனுபவத்தில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

இது மெஷின், நூல் எதையும் சேர்க்காத மேலோட்டமான கணக்கு. அவற்றைச் சேர்த்து மாடலை ஓட்டியபின் பூஜ்ஜியங்களை மறுபடி ஒப்பிடுங்கள். எடையின் மடக்கையை (log) ஆஃப்செட்டாக, அதாவது ரோலின் அளவை ஈடுகட்டும் உறுப்பாகக் கொடுங்கள். 15 கிலோ ரோலையும் 25 கிலோ ரோலையும் ஒரே மாதிரி எண்ணக் கூடாது.

படி 4: அப்புறமும் பூஜ்ஜியம் மிஞ்சினால்

ஜீரோ-இன்ஃப்ளேட்டட் பாய்சான் ரெக்ரஷனை 1992-இல் புள்ளியியலாளர் டயான் லாம்பர்ட் எழுதியதே தொழிற்சாலைக் குறைபாடுகளுக்காகத்தான். அவர் எடுத்துக்கொண்டது சர்க்யூட் போர்டு பற்றவைப்பு. நமக்கும் பொருந்தும். மெஷின் நல்ல நிலையில் ஓடினால் ஓட்டை விழவே விழாது. ஊசி தேய்ந்தபின் விழலாம், விழாமலும் போகலாம். இப்படி இரண்டு வகைப் பூஜ்ஜியம் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் இந்த மாடல். எல்லாப் பூஜ்ஜியமும் ஒரே வகை, 'ஓட்டை விழுந்ததா?' என்பது ஒரு கேள்வி, 'விழுந்தால் எத்தனை?' என்பது வேறு கேள்வி என்றால் ஹர்டில் மாடல். இரண்டும் ஆரின் பிஎஸ்சிஎல் (pscl) தொகுப்பில் உண்டு. இரண்டிலும் பூஜ்ஜியப் பகுதி, எண்ணிக்கைப் பகுதி என்று இரண்டு பகுதிகள் இருக்கும். எண்ணிக்கைப் பகுதிக்கு நெகட்டிவ் பைனாமியலையும் வைத்துப் பாருங்கள். ஏஐசி (AIC: மாடல் எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு சிக்கலானது என்று இரண்டையும் எடைபோடும் அளவு) மதிப்பு எதற்குக் குறைவு என்று ஒப்பிடலாம்.

படி 5: விடையைப் படிப்பது

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது. ஜீரோ-இன்ஃப்ளேட்டட் மாடலின் பூஜ்ஜியப் பகுதியில் கெழு (ஒரு காரணியின் விளைவைக் காட்டும் எண்) கூட்டல் குறியோடு வந்தால் ஓட்டையே விழாத நிலைக்கு வாய்ப்பு அதிகம். அதே தொகுப்பின் ஹர்டிலில் கூட்டல் குறி என்றால் ஓட்டை விழ வாய்ப்பு அதிகம். குறி தலைகீழாக வந்தால் முடிவு மாறிவிட்டது என்று பதற வேண்டாம். எண்ணிக்கைப் பகுதி இரண்டிலும் மடக்கை அளவில் இருக்கும். ஜீரோ-இன்ஃப்ளேட்டட்டில் ஒரு மெஷினின் கெழு 0.41 என்றால் (e-யின் 0.41-ஆம் அடுக்கு சுமார் 1.5), ஓட்டை விழக்கூடிய நிலையில் இருக்கும்போது, ஒப்பிடும் மெஷினைப் போல அங்கே சுமார் ஒன்றரை மடங்கு ஓட்டை விழும்.